ஏற மறுத்த இடாப்புகள்

கணினி ஒன்று சொற்கேளாதபோது நம்மவர் முதலிற் செய்வது அதனை நிறுத்தி மீண்டும் இயக்குவதே. அதுவும் பலிக்காவிடின் புதிது வாங்குவோம் என்பர். அது மறுக்கும்போது காரணத்தையும் எழுதிவைக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

எமது கல்லூரியின் பழைய மாணவர் சேர்வு இடாப்புகளைப் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து, ஆவணங்களைப் பேணும் மென்பொருளொன்றில் ஏற்றிவைக்கத் துணிந்தோம். இது வீண் ஆடம்பரமன்று. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் யாழ்ப்பாணத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, பிறப்புச் சான்றிதழை வீட்டிலே விட்டுச் சென்றவர் பலர். தாம் இன்ன நாளிற் பிறந்தவர் என்று காட்டுவதற்கு, அவர்களுட் சிலருக்கு எஞ்சிய சாட்சி இடாப்பின் ஒரு வரியே. அந்த வரியையோ கறையான் அரித்துக்கொண்டிருந்தது.

லினக்ஸில் இயங்கும் சிறு வழங்கி ஒன்று அலுவலகத்து மூலையில் வந்தமர்ந்தது. அதனைக் கவனிக்கும் பொறுப்பு, கணிதம் கற்பிக்கும் என்னைச் சேர்ந்தது. கணக்குத் தெரிந்தவனுக்குக் கணினியும் தெரியும் என்பது ஆசிரியர் அறையின் நெடுநாளைய நம்பிக்கை.

முதல் வாரத்திலேயே இடர் தோன்றியது. கடிதங்கள் ஏறின, இடாப்புகள் ஏறவில்லை. "மெசின் பழுது சேர், வேறொண்டு வாங்குவம்" என்றார் அலுவலக நண்பர். பழுதுற்ற இயந்திரம் கடிதத்தை மட்டும் எவ்வாறு ஏற்கும்? ஏறியவற்றையும் ஏறாதவற்றையும் இரு நிரலாக எழுதி, அருகே பருமனைக் குறித்தேன். 1 மெகாபைற்றுக்கு உட்பட்டவை யாவும் ஏறியிருந்தன. மேற்பட்டவற்றில் ஒன்றேனும் ஏறவில்லை. திரையில் 413 என்ற எண் நின்றது. அனுப்பியது அளவுக்கு மிஞ்சியது என்பதே அதன் பொருள். வழங்கியின் வாயிலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்னும் மென்பொருள், வேறு கட்டளை இடாதவிடத்து, 1 மெகாபைற்றுக்கு மேற்பட்ட எதனையும் உள்ளே விடாது. எல்லையை முற்றாக நீக்கவும் வழியுண்டு. அது கதவைக் கழற்றிவைப்பது போன்றது. மிகப் பெரிய இடாப்பு 60 மெகாபைற் அளவில் இருந்தமையால் எல்லையை 100 ஆக்கினோம்.

வாயிற் காவலனைக் கடந்தால் உள்ளே இன்னொரு காவலன். எமது மென்பொருள் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியின் இயல்பான அமைப்பில் ஒரு கோப்புக்கு 2 மெகாபைற்றும், கோப்பும் படிவமும் சேர்ந்த முழு அனுப்புகைக்கு 8 மெகாபைற்றுமே எல்லை. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் இரண்டையும் தொலைவிலிருந்தே உயர்த்தினார். இடாப்போ அசையவில்லை.

"மாத்திப் போட்டன் சேர். கேட்டுப் பாத்தால் புது அளவைத்தான் சொல்லுது. ஆனால் ஒண்டும் நடக்கேல்லை" என்றார் தொலைபேசியில்.

"எங்கையிருந்து கேட்டனீர் தம்பி?" என்றேன்.

கட்டளை வரியிலிருந்து கேட்டாராம். அங்கேதான் முடிச்சு இருந்தது. எமது வழங்கியில் பிஎச்பியின் அமைப்புக் கோப்பு ஒரே பெயருடன் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று கட்டளை வரிக்கு. மற்றையது இணைய சேவைக்கு. அவர் திருத்தியதும் முதலாவதை, வினாவியதும் முதலாவதை. அது உண்மையைத்தான் சொன்னது. ஆனால் தன்னைப் பற்றிய உண்மையை. இணைய வழியாகவே அமைப்பைக் காட்டும் சிறு பக்கமொன்றை இட்டுப் பார்த்தபோது பழைய 2 அப்படியே தெரிந்தது. உரிய கோப்பைத் திருத்திச் சேவையை மீள இயக்கியதும் இடாப்புகள் ஏறத் தொடங்கின. அந்தச் சிறு பக்கத்தை உடனே அழித்துவிட்டோம். வழங்கியின் அந்தரங்கமெல்லாம் அதில் இருந்தது.

ஆயினும் ஐந்தாறு இடாப்புகள் அடம்பிடித்தன. இவற்றிற் சில மிகச் சிறியவை, பருமன் காரணமன்று. வழங்கியின் பதிவேட்டைத் திறந்தால், கோப்பின் பெயர் மிக நீண்டது என்ற வரி. பெயரிட்டவர் எமது தமிழாசிரியர்; தலைப்பிடுவதிற் சிக்கனம் அறியாதவர். ஆனால் அவரைக் குறைகூற இயலாது. லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைற் இடமே உண்டு. 'ஜவ்னா' என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு எழுத்துக்கு ஆறு பைற். 'யாழ்ப்பாணம்' என்பதும் நம் கண்ணுக்கு ஆறு எழுத்தே. ஆனால் யுனிகோட் முறையில் காலும் புள்ளியும் தனிக் குறிகள். அவற்றைச் சேர்த்தால் பதினொன்று. யுரிஎப்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற் வேண்டும், ஆகமொத்தம் 33. அந்த ஊர்ப்பெயரையே எட்டு முறை எழுத 255 போதாது! இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, எனது பத்தாம் வகுப்பு மாணவர் வழக்கத்துக்கு மாறாக விழித்திருந்தனர்.

தமிழ்ப் பெயரைக் கைவிட்டு ஆங்கிலத்திற் சுருக்கலாம் என்று ஒருவர் கூறினார். நான் உடன்படவில்லை. கோப்புக்கு வெறும் இலக்கத்தை இட்டு, முழுத் தலைப்பைத் தமிழிலேயே தரவுத்தளத்தில் எழுதிவைத்தோம். அங்கே அதற்கு இடம் தாராளமாக உண்டு, தேடினாலும் அகப்படுகிறது.

சென்ற மாதம் ஓர் அம்மையார் தம் தமையனாரின் பிறந்த திகதியைத் தேடி வந்தார். பெயரையும், சேர்ந்த ஆண்டு இதுவாக இருக்கலாம் என்பதையும் சொன்னார். ஆண்டைத் தமிழில் தட்டியதும் இடாப்பு வந்தது. அதன் பக்கங்களைத் திரையிற் புரட்டிச் சிறிது நேரத்தில் வரியைக் கண்டோம். இன்னும் பதினொரு இடாப்புகள் மீதமுள்ளன. தொட்டால் ஓரம் உதிர்வதால், அவற்றை மார்கழி விடுமுறையில் மெல்ல மெல்ல ஸ்கான் செய்வதாக இருக்கிறோம்.