அது யார் வீட்டுச் சீர்?

திருநெல்வேலிப் பக்கம் 'அத்தான்' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. அத்தை மகனும் அத்தான்தான்; கட்டிக்கொண்டவனும் அத்தான்தான். பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் ரத்த உறவில் கட்டிக்கொண்டவர்கள்.

வண்ணார்பேட்டையில், பேராத்துச் செல்வி அம்மன் கோயில் பக்கம் உள்ள ஒரு வீடும் இந்த 28-இல் சேர்த்தி. மருமகள், மாமியாரின் சொந்த அண்ணன் மகள். கல்யாணத்துக்கு முன்பும் 'அத்தை', பின்பும் 'அத்தை'.

அந்த வீட்டில் பிறந்த பையனுக்குக் காது கேட்கவில்லை. தீபாவளிக்குத் தெருவில் ஆயிரம்வாலா வெடித்தபோது எட்டு மாதப் பிள்ளை அசையாமல் தூங்கினான். "என்ன தைரியம் பாரு, தாத்தா மாதிரியே!" என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒன்றரை வயதில் டாக்டர் வேறு காரணம் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு பேச்சு ஆரம்பித்தது. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. எல்லாம் இவ கொண்டு வந்த சீரு." அத்தை இதை மருமகள் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்வார். மருமகளும் எதிர்த்துப் பேசவில்லை. வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே போனது, சளிக்கு ஒரு மாத்திரை போட்டது என்று தன் மேலேயே குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது சிக்கியது ஒரே ஓர் எழுத்துப்பிழை.

பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. உள்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியில், செல்லுக்குச் செல் உப்புச்சத்து போய்வர வாசல் அமைக்கும் புரதத்தின் பெயர் கனெக்ஸின் 26. மொத்தம் 226 அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால்தான் அது முழுமையாகும். இந்த மரபணுவில் இந்தியர்களிடம் அதிகம் தென்படும் பிழையில், 24-வது இடத்திலேயே வேலை நின்றுவிடுகிறது. திருநெல்வேலியில் கிளம்பிய திருச்செந்தூர் ரயில் பாளையங்கோட்டையோடு நின்றுவிட்ட கதைதான்.

ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது நன்றாக இருந்தால் காது கேட்கும். இப்படி ஒரு கெட்ட பிரதியை வைத்துக்கொண்டு நலமாக இருப்பவரை டாக்டர்கள் 'கேரியர்' என்பார்கள். டிபன் கேரியர் மாதிரியே, உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாது.

கிரிகோர் மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கும் இதேதான். உருண்டை விதையிலிருந்து முளைத்த செடிகள் தமக்குள்ளேயே காய்த்தபோது கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் உருண்டைக்குள் ஒளிந்திருந்து பேரப்பிள்ளைகளிடம் வெளியே வந்தது.

இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் பிறக்கும் குழந்தைக்கு நாலில் ஒரு வாய்ப்பு இரண்டு கெட்ட பிரதிகளும் வந்து சேரும். இதைப் பலர், 'ஒன்று இப்படிப் பிறந்துவிட்டது, இனி மூன்றுக்குப் பயமில்லை' என்று புரிந்துகொள்கிறார்கள். போன தடவை பூ விழுந்தது நாணயத்துக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு பிரசவத்திலும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

ஆக, இந்தப் பையனுக்குக் காது கேட்காமல் போக அம்மா தந்த பிரதி மட்டும் போதாது. அப்பாவும் ஒன்று தந்திருக்கிறார். அவருக்கு அது எங்கிருந்து வந்தது?

ஆலோசனை சொன்ன டாக்டர் ஒரு தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டுக் குடும்பத்தை வரைந்தார். இரண்டு கோடுகளும் மேலே போய்ச் சேர்ந்த இடம் அத்தையின் அப்பா, அம்மா. அவர்களில் ஒருவரிடமிருந்த கெட்ட பிரதி அண்ணன் வழியாக மருமகளுக்கும், தங்கையான அத்தை வழியாக மகனுக்கும் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 'இவ கொண்டு வந்த சீரு' என்றாரே, அந்தச் சீர் கிளம்பிய வீடு அத்தை பிறந்த வீடு.

"உங்க அப்பா, அம்மாகூடப் பிறந்தவங்க யாருக்காவது காது கேட்காம இருந்துச்சாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவுக்கு மூத்தவுக ஒருத்தர் இருந்தாவ. ஊமைப் பெரியப்பான்னு கூப்பிடுவோம். பேச்சுதான் வராதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

காதில் விழாத பேச்சு வாயில் வராது. அந்தப் பெரியப்பா கதையில் இதை யாரும் யோசிக்கவில்லை.

அத்தைக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். 'நாங்கள்லாம் சொந்தத்துலதானே கட்டுனோம், நல்லாத்தானே இருக்கோம்' என்று பெரியவர்கள் சொல்வது பொய்யில்லை. பொதுவாகவே நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று பேர் பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் கட்டிக்கொண்டால் அதோடு இன்னும் இரண்டு, மூன்று கூடும். மற்ற பிள்ளைகள் நன்றாகத்தான் இருப்பார்கள். தாய்மாமனைக் கட்டினால் பயம் இன்னும் அதிகம். மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் அது எட்டில் ஒன்று.

'அப்போ அசல்ல எடுத்தா முடிஞ்சுது' என்பார்கள். அதுவும் பாதிதான் உண்மை. அசல் என்றாலும் நாலைந்து ஊர்களுக்குள், அதே சாதிக்குள்தானே தேடுகிறோம்? ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 2017-இல் தெற்காசியாவின் 263 சமூகங்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். சில மூதாதையரிடமிருந்து கிளைத்து, தமக்குள்ளேயே மணந்துவந்ததன் அடையாளம் 81 சமூகங்களில் மிக அழுத்தமாக இருந்தது. ஜாதகப் பொருத்தம் பத்தும் பார்க்கிற நமக்கு இந்தப் பதினோராவது பொருத்தத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை.

பையனுக்கு இப்போது மூன்று வயது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்துகிறார்கள். கனெக்ஸின் பிழையில் கேட்கும் நரம்பு பொதுவாக நன்றாகவே இருப்பதால் கருவி நல்ல பலன் தரும். சீக்கிரம் வைத்தால் பேச்சும் சீக்கிரம் வரும். கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது. கூட்டிப்போவது அத்தைதான். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சீர் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. மருமகளிடம் மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அது வருகிற குடும்பமும் இல்லை.

இதற்கு நடுவே, மருமகளின் தங்கையை மாப்பிள்ளையின் தம்பிக்குக் கொடுக்க ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்கள். தங்கை கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு, தம்பிக்கும் பாதி. இருவருமே கேரியர் என்றால் குழந்தைக்கு நாலில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் 16-இல் ஒன்று. குடும்பத்தில் எந்தப் பிழை என்பது தெரிந்திருந்ததால் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது எளிதாக இருந்தது. தம்பிக்கு அந்தப் பிழை இருந்தது, தங்கைக்கு இல்லை. இவர்கள் கட்டிக்கொண்டால் இந்தப் பிழையால் பிள்ளைக்குக் காது போகாது. வேறெந்தக் கெட்ட பிரதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இந்த ஒரு டெஸ்ட் சொல்லாது என்றும் டாக்டர் சொன்னார். வீட்டார் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

"டெஸ்ட்ல பாஸாயிட்டா கட்டிக்கணும்னு சட்டமா?" என்று தங்கை கேட்டாள். வங்கித் தேர்வு முடியட்டும், பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். தேதி இன்னும் குறிக்கவில்லை.