காபி மக்கில் பச்சிலை

என் சமையலறை ஜன்னலில் ஒரே வருஷத்தில் ஏழு செடிகளைக் கொன்றிருக்கிறேன். ஒன்றுகூடத் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை.

சென்னையில் மூன்றாவது மாடி வீடு, பால்கனி கிடையாது. கிழக்குப் பார்த்த அந்த ஜன்னலில்தான் பத்து மணி வரை வெயில் விழும். புதினா, மருக்கொழுந்து, திருநீற்றுப்பச்சிலை மூன்றையும் வாங்கி, சும்மா கிடந்த பீங்கான் காபி மக்குகளில் வைத்தேன். மக்குக்கு அடியில் ஓட்டை ஏது? இரண்டு விரல் உயரத்துக்குக் கூழாங்கல் போட்டால் மிச்சத் தண்ணீர் அதில் இறங்கிவிடும் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் சித்திகள் எல்லாரும் கைதட்டினார்கள்.

பத்தாம் நாள் திருநீற்றுப்பச்சிலை தலை தொங்கியது. தாகம்போல என்று ஒரு டம்ளர் ஊற்றினேன். மறுநாள் இன்னும் தொங்கியது, இன்னொரு டம்ளர். தொட்டுப் பார்த்தால் மேல்மண் காய்ந்துதான் இருந்தது. நர்சரியில் கலந்து கொடுத்த தேங்காய் நார்க்கழிவு அப்படித்தான், மேலே உலர்ந்துபோய், உள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கும். கூழாங்கல்லும் கைகொடுக்காது. மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். கல் அடைத்த இடம் போக, சேறு வேருக்கு இன்னும் கிட்டே வந்துவிடுகிறது. காற்றில்லாமல் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தண்ணீரில் நின்றபடியே செடி வாடுவது அதனால்தான். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்று மக்கைக் கவிழ்த்தபோது வந்தது சாக்கடை நாற்றம். வேரை இழுத்தேன், தோல் உருவிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம்.

மருக்கொழுந்து போனதுதான் இன்னும் உறுத்துகிறது. பூக்காரம்மாவிடம் சொல்லிவைத்து வேரோடு வாங்கியது.

இதோடு விட்டிருக்கலாம். கடைக்குப் போய் வேறொரு திருநீற்றுப்பச்சிலை வாங்கி, அதே மக்கில் நட்டு, “எப்படி வளந்திருக்கு பாருங்க” என்று குழுவில் படம் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அம்மா போன் செய்தாள்.

“ஏண்டி, போன வாரம் நாலு இலையோட நின்ன செடி இன்னைக்குக் கதிர் விட்டிருக்கே. அப்படி என்னடி உரம் போட்ட?”

சப்ஜா விதை அந்தக் கதிரிலிருந்துதான் வருகிறது, இலை வேண்டுமென்றால் கதிரை முளையிலேயே கிள்ளிவிடு என்று எனக்குச் சொல்லித் தந்தவளே அவள். அவளிடமா இந்த வேலை! உண்மையைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“ஓட்டை உள்ள தொட்டி வாங்கு. தூக்கிப் பாத்துட்டுத் தண்ணி ஊத்து. கனமா இருந்தா கிட்டவே போகாத. அடித்தட்டுல தண்ணி தேங்க விட்டுடாத, கொசுப்புழு வெச்சிடும்.”

அடுத்த முறை ஊருக்குப் போனபோது ஒரு கற்பூரவல்லிக் குச்சியை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். தடித்த இலையிலேயே நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி அது. என் கைக்கு அதுதான் தாங்கும் என்று நினைத்திருப்பாள். மக்குகள் காபிக்குத் திரும்பின.

போன மாதம் அம்மா வந்தாள். பையைக் கீழே வைத்ததும் நேரே ஜன்னலுக்குப் போய்த் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முற்றிய இலையாகப் பார்த்து எட்டுப் பறித்துக்கொண்டு, “கடலை மாவு எங்கடி வெச்சிருக்க?” என்றாள்.