கூந்தன்குளத்தில் ஒரு புறவாசல்

என்னிடம் இருக்கும் பறவைப் படங்களில் பாதிக்கு மேல் முதுகுகள்தான். நான் நெருங்குவேன், பறவை எழும்பும், அந்தப் பதற்றத்தில் விரல் அழுத்தும். மதுரை வண்டியூர்க் கண்மாய்க் கரையில் மூன்று மாதம் பழகியும் அப்படியேதான் இருந்தது. லென்ஸ் போதவில்லை என்று நினைத்தேன். கடன் வாங்கிப் பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, மாசி மாதத்தில் நாங்குநேரிப் பக்கம் இருக்கும் கூந்தன்குளம் போனேன். அங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையை எப்படித் தவறவிட முடியும்?

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது வாடைதான். அழுகிய மீனும் எச்சமும் கலந்த வாடை. அடுத்தது சத்தம். யாரோ மேலே பலகைகளை அடுக்குவதுபோலக் கடகடவென்று கேட்டது. அண்ணாந்தால் வேப்பமரம் முழுக்கச் சங்குவளை நாரைகள். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகோடு அலகை அடித்துத்தான் பேசிக்கொள்கிறது. குரலெல்லாம் குஞ்சுகளுக்கு. பசித்துக் கத்திக்கொண்டே இருக்கின்றன.

ஒரு வீட்டின் பின்பக்கச் சந்தில் நின்று உச்சி வெயில் வரைக்கும் படம் எடுத்தேன். ஒரு நாரை கூட்டின் விளிம்பில் இறக்கையைப் பாதி விரித்தபடி அசையாமல் நின்றது. அரை மணி நேரமாக அதே நிலை. எனக்குப் பறக்கும் படம் வேண்டும். இரண்டு கையையும் சேர்த்து ஓங்கித் தட்டினேன். நாரை எழும்பியது. விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம், வரிசையாகப் பதினெட்டுப் படங்கள்.

"யாரு அங்கன கையத் தட்டுதது?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவி வந்தார். எழுபது வயது இருக்கும். மடியில் பீடி இலைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"பறக்கிற மாதிரி ஒரு படம் வேணும் பாட்டி, அதான்."

"மேல பாருங்க. வெயிலு எங்க அடிக்கி?"

பார்த்தேன். கூட்டுக்குள் பஞ்சு மூடிய வெள்ளைக் குஞ்சுகள் நான்கு, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. உச்சி வெயில் நேராக அவற்றின் மேல் விழுந்தது.

"அது சும்மா நிக்கின்னு நெனச்சியளா? குடை பிடிச்சிட்டு நிக்கி. காலைல இருந்து அப்படித்தான் நிக்கி. நீங்க தட்டி வெரட்டிட்டிய."

தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. "நான் ஒண்ணும் உங்க வீட்டுக்குள்ள வரலையே, தெருவுலதானே நிக்கிறேன்" என்றேன். "மரம் எங்க புறவாசல்ல நிக்கி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய் நின்றார். அப்போதுதான் பக்கத்துப் புளியமரத்தில் இரண்டு காகங்கள் காத்திருப்பதைக் கவனித்தேன். நாரை திரும்பி வந்து இறக்கையை விரிக்கும் வரைக்கும் அவர் நகரவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு மிக நீண்ட ஐந்து நிமிடம்.

ஆத்திரத்தோடு குளத்தங்கரைக்குப் போனேன். மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீர் நிறைக்கும் குளம் அது. நட்டநடுவில் பூநாரைகள், அவற்றுக்கு இந்தப் பக்கம் வரித்தலை வாத்துகள். மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வந்த வாத்துகள் நாங்குநேரிச் சீமையில் வெயில் காய்கின்றன என்ற நினைப்பே கொஞ்சம் ஆற்றியது. ஆனால் எடுத்த படம் எல்லாம் தண்ணீரில் கரைந்ததுபோல மங்கல். கடன் வாங்கிய லென்ஸைச் சபித்தேன். பிறகுதான் புரிந்தது, லென்ஸின் மேல் பிழை இல்லை. தண்ணீருக்கு மேலே சூடான காற்று நெளிகிறது. அந்தக் கானலின் ஊடாக எந்த லென்ஸும் தெளிவாகப் பார்க்க முடியாது. தூரத்துப் பறவையைக் காலையில் எடுக்க வேண்டும், அல்லது மாலையில்.

வாத்துகள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. கரையில் உட்கார்ந்து அந்தப் பதினெட்டுப் படங்களையும் பார்த்தேன். கூர்மையாக வந்திருந்தன. மூன்று மாதத்தில் நான் எடுத்தவற்றிலேயே நல்லவை. ஒவ்வொன்றிலும் கீழ் மூலையில், வெயிலில், கூடு இருந்தது. அங்கேயே அவற்றை அழித்தேன். அழித்த பிறகும் மனம் லேசாகவில்லை.

மூன்று மணிக்கு அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, "சாப்பிட்டியளா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பழைய சோறு, உரித்த சின்ன வெங்காயம், அம்மியில் அரைத்த காணத் துவையல். மதுரையில் கொள்ளு என்போம், குதிரைக்குப் போடுவது என்று எங்கள் வீட்டில் வாங்கவே மாட்டார்கள். அந்தத் துவையலுக்கு மூன்று முறை சோறு கேட்டு வாங்கினேன். ஊரெல்லாம் அவரை ஆச்சி என்றது. நானும் ஆச்சி என்றேன்.

பின்கட்டில் துணி காயப்போடும் கொடி வெறுமையாகக் கிடந்தது. குஞ்சுகள் பறக்கும் வரைக்கும் அதில் துணி போடுவதில்லையாம், எல்லாம் எச்சமாகிவிடும். வாடை பழகிவிட்டதா என்று கேட்டேன். "எல்லா நாளும் பழகாது" என்றார். எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம், அந்த லாபம் உண்டுதான். ஆனால் தீபாவளிக்கு வெடி போடாமல் பிள்ளைகளைப் பழக்கிய ஊரை உரக் கணக்கால் மட்டும் விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். ஆச்சி வாழ்க்கைப்பட்டு வந்தபோதே இந்த மரத்தில் கூடு இருந்ததாம்.

எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வேம்பு இருந்தது. காரின் மேல் எச்சம் விழுகிறதென்று நான்தான் ஆள் கூட்டிவந்து வெட்டினேன். நான்கு வருடம் ஆகிறது. ஆச்சியிடம் அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இலையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார்.

சொளவை மடியில் வைத்து அவர் பீடி சுற்ற, பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கேமரா மடியில் கிடந்தது. தலைக்கு மேலே பதினைந்தடி உயரத்தில் நாரைகள் வந்தன, போயின. காலையில் நான் நின்ற இடத்தைவிட இது பக்கம். ஒன்றுகூட மிரளவில்லை. ஆச்சி எழுந்து தண்ணீர் குடித்தார், கோழியை விரட்டினார், பேத்தியைக் கத்திக் கூப்பிட்டார். அதற்கெல்லாம் அவை அசையவில்லை. காலையில் நான் சத்தமே இல்லாமல் அடிமேல் அடி வைத்து, கண்ணை எடுக்காமல் நெருங்கியிருந்தேன். பூனை வருவதும் அப்படித்தான்.

நாலரை மணிக்கு வெயில் மஞ்சளாகச் சாய்ந்தது. தாய் தொண்டையிலிருந்து மீனைக் கூட்டுக்குள் கக்க, குஞ்சுகள் முட்டி மோதின. மெதுவாகக் கேமராவைத் தூக்கினேன். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே வெள்ளை மார்பு. கேமரா சொல்லும் கணக்கை நம்பினால் இறகெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்தேன். கண்ணில் குவித்தேன். நாலே படங்கள். செம்மஞ்சள் தலை, நுனி வளைந்த மஞ்சள் அலகு, மார்பின் கறுப்புப் பட்டை, வால்பக்கம் ரோஜா இறகுகள். முதல்முறையாக ஒரு பறவை என் படத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆச்சியிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பெரிதாக்கச் சொன்னார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

"மூணுதான் இருக்கு."

"என்ன ஆச்சி?"

"குஞ்சு. நாலுல்லா இருந்துச்சு."

மற்ற மூன்று படங்களையும் பார்த்தோம். மூன்றுதான். ஆச்சி சொளவை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். சுவரோரம், விறகுக் கட்டுக்குப் பின்னால், முள்ளுக்கடியில் என்று நானும் பேத்தியும் குனிந்து தேடினோம். தானாக விழுந்ததா, மத்தியானம் நான் தாயை விரட்டியதால் விழுந்ததா என்று மட்டும் என் மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆச்சி அதைப் பற்றிப் பேசவில்லை. உடைந்த பானைக்குப் பக்கத்தில் பேத்திதான் கண்டுபிடித்தாள். உயிர் இருந்தது.

இங்கே விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து, இறகு முளைக்கும்வரை வளர்த்து விடுவது வழக்கம். குளத்தங்கரையில் அதற்கென்று ஆட்கள் உண்டு. ஆச்சி ஒரு பனையோலைப் பெட்டியில் வைக்கோலைப் பரப்பினார். "நீங்களே தூக்குங்க" என்றார். இரண்டு கையாலும் எடுத்தேன். பஞ்சுக்குள்ளே உடம்பு கொதித்தது. பயத்தில் அது தின்ற மீனையெல்லாம் என் சட்டையில் கக்கியது.

"இனி கொஞ்சம் பசிக்கும் அதுக்கு. வெரசாப் போங்க" என்றார் ஆச்சி.

கேமராவைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேத்தி வழிகாட்டக் குளத்தங்கரைக்கு நடந்தேன்.