கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

கிரைண்டர் வாங்கப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கல்லைத் தடவிப் பார்க்கிறோம். மூடியைத் திறந்து மூடுகிறோம். "இது என்ன, இந்தக் கைப்பிடி ஆடுதே!" என்று குறை கண்டுபிடித்து, நூறு ரூபாயாவது குறைக்காமல் கடையை விட்டு இறங்குவதில்லை. ஆனால் லாப்டாப் என்று வந்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? அவரும் பிள்ளைகளும் பார்த்துப்பாங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறோம்.

2011ஆம் ஆண்டு தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் திருச்சி உறையூரில் எங்கள் தெருவிலே பல வீடுகளில் அந்தப் பொருளே நுழைந்தது. நுழைந்ததே தவிர, அது பிள்ளைகளுடைய சாமானாகவே இருந்துவிட்டது. அம்மாக்கள் மேலே தூசி தட்டித் துணி போட்டு மூடி வைத்ததோடு சரி.

எனக்கு அப்படி ஒதுங்க முடியாமல் போனது 2025ஆம் வருஷம். நான் பி.காம். படித்தவள். கடைவீதியில் ஒரு மளிகை, ஒரு ஜவுளி, ஒரு மருந்துக் கடை என்று மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதி வந்தேன். மதியம் போய், அவர்கள் கம்ப்யூட்டரிலேயே எழுதிவிட்டு, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். மாதம் ஒன்பதாயிரம் ரூபாய். மகளின் கல்லூரிப் பீஸ் அதிலிருந்துதான்.

அந்தத் தை மாதம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார்கள். எழுபத்திரண்டு வயசு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும், அவர்களைத் தனியே விட்டுவிட்டு மதியம் நான் எப்படி வெளியே போவது? கடைக்காரர்கள் நல்ல மனிதர்கள். "வீட்டிலிருந்தே எழுதிக் கொடுங்கம்மா. ஆனா ஜி.எஸ்.டி. மட்டும் தேதி தவறக்கூடாது" என்றார்கள். பதினோராம் தேதி விற்பனைக் கணக்கு, இருபதாம் தேதி வரிக் கணக்கு. இது இரண்டும் தவறினால் அபராதம் அவர்களுக்கு, வேலை போவது எனக்கு.

ஆகவே லாப்டாப் என்பது எங்கள் வீட்டில் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் இல்லை. ஆனியில் எடுத்த சீட்டுப் பணம் ஐம்பதாயிரம் கையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

வீட்டில் நடந்த பட்டிமன்றம்

"பதினாலு இஞ்ச் போதும்மா. பஸ்ஸில தூக்கிட்டுப் போக லேசா இருக்கும்" என்றாள் மகள்.

"அதுதான் சரி. படிக்கிற பிள்ளைக்குத்தானே முக்கியம்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் உடனே எதுவும் சொல்லவில்லை. ஒரு காகிதத்தில், யார், எந்த வேலைக்கு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதினேன். கணக்கு எழுத எனக்கு நாலு மணி. மகளுக்குப் படிப்பு இரண்டு மணி. கல்லூரிக்கு எடுத்துப் போவது வாரத்தில் இரண்டே நாள். அத்தைக்கு மஸ்கட்டில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச அரை மணி. இவருக்குக் கரண்ட் பில், ரயில் டிக்கெட். காகிதத்தைப் பார்த்ததும் இவர் சிரித்துவிட்டார். "அப்ப இது உன் மெஷின்தான்" என்றார்.

எனக்கு வயசு நாற்பத்தாறு. வெள்ளெழுத்து வந்து மூன்று வருஷம் ஆகிறது. அத்தைக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் பாக்கி. "போன்ல பேத்தி முகம் கடுகாட்டம் தெரியுது" என்பார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்குச் சின்னத் திரை எதற்கு?

காலண்டர் அட்டை வைத்தியம்

திரையின் அளவைக் குறுக்கு மூலைக்குக் குறுக்கு மூலை அளந்து சொல்வார்கள். அதனால் 14, 15.6, 16, 17.3 என்று எண்ணைக் கேட்டால் நமக்கு ஒன்றும் புரியாது. நான் பழைய காலண்டர் அட்டைகளைத் திரை அளவுக்கு வெட்டி மேஜை மேல் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். நீங்களும் செய்து பாருங்கள். அளவு சென்டிமீட்டரில், அகலம் முதலில், உயரம் அடுத்து:

14 அங்குலம்: 31, 17.4
15.6 அங்குலம்: 34.5, 19.4
16 அங்குலம்: 34.5, 21.5
17.3 அங்குலம்: 38.3, 21.5

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? பதினாறுக்கும் பதினேழுக்கும் உயரம் ஒன்றேதான். காரணம், இப்போது வரும் 16 அங்குலத் திரைகளில் பெரும்பாலானவை கொஞ்சம் சதுர வாக்கில் இருக்கும். மற்றவை சினிமாத் திரை மாதிரி நீள வாக்கு. கணக்குப் பக்கமோ பாடப் புத்தகப் பக்கமோ படிக்கிறவர்களுக்கு உயரம்தான் லாபம். ஒரே பார்வையில் நாலைந்து வரி கூடத் தெரியும். 17.3 அங்குல லாப்டாப் இரண்டரைக் கிலோ வரை கனக்கும், விலையும் ஜாஸ்தி. ஆகவே எங்கள் தேர்வு 16. அது கிடைக்காவிட்டால் 15.6.

கனத்தைப் பற்றி மகள் முணுமுணுத்தாள். பதினாலு அங்குலம் ஏறக்குறைய 1.4 கிலோ, பதினாறு அங்குலம் 1.8 கிலோ. "அரைக் கிலோ தக்காளி கூட இல்லடி" என்றேன். அதோடு அடங்கினாள்.

இன்னொன்றும் யோசித்தோம். சின்ன லாப்டாப்போடு தனியாக ஒரு மானிட்டர் வாங்கி இணைத்தால் என்ன? பத்தாயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்ல பெரிய திரை கிடைக்கும். ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை. பகலில் அத்தை கட்டில் பக்கம் உட்கார்ந்து எழுத வேண்டும், ராத்திரி கூடத்துக்கு வர வேண்டும். கரண்ட் போனால் மானிட்டரும் கூடவே அணைந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஆடித் தள்ளுபடியில் தில்லைநகரில் மூன்று கடை ஏறி இறங்கினோம். கைப்பையில் தையல் டேப் எடுத்துப் போயிருந்தேன். விற்பனைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும், பணம் நம்முடையது!

முதலில் திரை. அணைந்திருக்கும்போது அதில் உங்கள் முகமும் டியூப் லைட்டும் கண்ணாடி போலத் தெரிந்தால் அது பளபளப்புத் திரை. நாள் முழுக்கப் பார்த்தால் கண் கூசும். மங்கலான மேற்பரப்பு உள்ளதே நல்லது. பிறகு திரையைப் போடச் சொல்லி, நேரே நின்று பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் நகர்ந்து பாருங்கள். நிறம் வெளுத்துப் போகிறதா? அப்படியானால் வேண்டாம். ஐ.பி.எஸ். என்ற வகைத் திரையில் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகத் தெரியும். அத்தையும் நானும் அருகருகே உட்கார்ந்து பார்க்க அதுதான் சரிப்பட்டது. 1920க்கு 1080 புள்ளிகளாவது இருக்க வேண்டும். 1366க்கு 768 என்றால், பெரிய திரையில் எழுத்தின் விளிம்பு பிசிறடிக்கும்.

அடுத்து, உள்ளே இருக்கும் சங்கதி. ரேம் என்பது நம் சமையல் மேடை மாதிரி. மேடை அகலமாக இருந்தால் காய் நறுக்கிக்கொண்டே தோசையும் வார்க்கலாம். குறுகலாக இருந்தால் ஒன்றை இறக்கித்தான் இன்னொன்றை ஏற்ற வேண்டும். 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. என்பது ஸ்டோர் ரூம். 512 ஜிபி ஒரு குடும்பத்துக்குத் தாராளம். "ரேமைப் பின்னால் கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா?" என்று மறக்காமல் கேளுங்கள். சில லாப்டாப்புகளில் ரேமைப் பலகையோடு பற்ற வைத்துவிடுவார்கள், கூட்டவே முடியாது.

மூளையாகிய பிராசஸரில் ஐ3, ஐ5, ரைசன் 3, ரைசன் 5 என்று சொல்வார்கள். கணக்கு, படிப்பு, வீடியோ பேச்சு இவற்றுக்குப் புதிய தலைமுறை ஐ3 போதும். பல வருஷம் பழகிய ஐ5ஐவிட அது வேகமாகவே ஓடும். "கேம் விளையாட கிராபிக்ஸ் கார்டு, மேடம்" என்று ஆசை காட்டினால் காதில் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள்.

எனக்கு டேலியில் வேலை. அது விண்டோஸில் ஓடுவது. அதனால் மலிவாகக் கிடைத்த குரோம்புக்கை ஒதுக்கினேன். பொத்தான் பலகையின் வலது பக்கம் எண்களுக்குத் தனிக் கட்டம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். பெரிய லாப்டாப்புகள் பலவற்றில் இருக்கும், 14 அங்குலத்தில் பெரும்பாலும் இருக்காது. நாள் முழுக்க எண் அடிக்கும் விரல்களுக்கு அது பெரிய உபகாரம்.

இவருடைய சிநேகிதர் ஒருவர் 17 அங்குலப் பழைய லாப்டாப்பைப் பதினெட்டாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. ஆனால் விண்டோஸ் 10தான் அதில் ஓடும். 11ஐ ஏற்கும் வயசு அதற்கு இல்லை. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிற்கப்போவதாக மைக்ரோசாப்ட் முன்பே அறிவித்திருந்தது. பிறத்தியார் கடைக் கணக்கை அப்படிப்பட்ட மெஷினில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பழையது வாங்க நினைப்பவர்கள், விண்டோஸ் 11 அதில் ஓடுமா என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 16 அங்குலம், ஐ3, 8 ஜிபி ரேம் உள்ள ஒன்று 43,500 ரூபாய்க்கு முடிந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே இன்னொரு 8 ஜிபி சேர்த்ததற்கு 2,300. தனிக் கீபோர்டும் மவுஸும் 1,300. ஆக மொத்தம் 47,100. மீதி 2,900 அத்தையின் மருந்துச் செலவுக்கு உதவிற்று. விலை நாளுக்கு நாள் மாறும். ஆகவே என் விலையைவிட, நான் கேட்ட கேள்விகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய திரை மட்டும் போதுமா?

போதாது. அதைப் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். திரை நம் கண்ணிலிருந்து ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருந்தால் கழுத்து வலிக்காது. நான் நாலு பைண்டு செய்த புத்தகங்களை அடுக்கி அதன் மேல் லாப்டாப்பை வைக்கிறேன். தனிக் கீபோர்டு அதற்காகத்தான்.

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சலும் உறுத்தலும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது, இருபது விநாடி பாருங்கள் என்கிறார்கள் கண் டாக்டர்கள். எனக்கு எதிர்வீட்டு முருங்கைமரம் இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. பேப்பர் படிக்கும் கண்ணாடி கைக்குப் பக்கத்தில் உள்ளதைப் படிப்பதற்கு. லாப்டாப் திரை அதைவிடத் தள்ளி இருக்கிறது. கண்ணாடி மாற்றப் போகும்போது, அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போய் டாக்டரிடம் சொல்லுங்கள். எழுத்து அளவை செட்டிங்ஸில் 125 சதவீதமாக வைத்துக்கொள்ளலாம். இன்டர்நெட்டில் படிக்கும்போது, கன்ட்ரோல் பொத்தானோடு கூட்டல் குறியை அழுத்தினால் எழுத்து பெரிதாகும்.

மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். காற்றுப் போகும் துவாரங்கள் அடைபட்டுச் சூடேறும். காபி டம்ளரை அந்த மேஜையிலேயே வைக்க வேண்டாம். இது எங்கள் வீட்டில் சட்டம்!

இப்போது அத்தை வாக்கர் பிடித்துக் கூடம் வரை நடக்கிறார்கள். மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தால், "பேத்திக்குப் பல்லு விழுந்திருக்குடி" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். மூன்று கடை நாலாகிவிட்டது. ஒரு மாதம் கூடத் தேதி தவறவில்லை.

சகோதரிகளே, முடிக்குமுன் ஒன்று சொல்கிறேன். பணம் கட்டும்போது, "பில் யார் பேரில் போட?" என்று கேட்பார்கள். யார் அதிக நேரம் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். அது நீங்களாக இருந்தால் தயங்காமல் உங்கள் பெயரையே சொல்லுங்கள். வாரண்டியைப் பதிவு செய்யவும் அந்தப் பில் வேண்டும். பீரோவில் நகைச் சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.