அஞ்சடிக்கே மூச்சு வாங்கும் வயரில்லா மவுஸ்

மவுஸ் வாங்கின அட்டைப்பெட்டி மேல பத்து மீட்டர் தூரம் எடுக்கும்னு போட்டிருக்கும். பத்து மீட்டர்னா முப்பத்திமூணு அடி. ஆனா வீட்டு டெஸ்க்டாப்புல மாட்டினா, அஞ்சடி தள்ளி உக்காந்தாலே அம்புக்குறி திக்கும், தாவும், சில நேரம் செத்தது மாதிரி நின்னுக்கும். கடைக்காரர் "பொருள் மட்டமுங்க, வேற வாங்கிக்குங்க"ம்பார். அறுநூறு எழுநூறு குடுத்து வேற வாங்கிட்டு வந்தா அதுவும் அதே கூத்துதான். எங்க சத்தி பக்கம் மட்டுமில்லைங்க, கோயமுத்தூர், சென்னைன்னு இருக்கற உங்க வீட்டுலயும் இது நடந்திருக்கும். குறை பெரும்பாலும் மவுஸ்ல இல்லை. அது சொல்றதைக் கேக்கற ரிசீவரை எங்க குத்தி வெச்சிருக்கோம்ங்கறதுலதான் இருக்குது.

இதை எழுதணும்னு தோணுனதே என்ற தம்பி மகளாலதான். பிளஸ் டூ முடிச்சுட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு நின்னா. முந்தியெல்லாம் மெட்ராசுக்கு பஸ் ஏறி அண்ணா யுனிவர்சிட்டி வாசல்ல காத்துக் கிடக்கணும். 2018-ல இருந்து எல்லாம் ஆன்லைன். வீட்டுல உக்காந்து எந்தக் காலேஜ், எந்தப் பிரிவுன்னு நாமளே வரிசை போட்டுக் குடுக்கணும். வரிசைல எது மேல இருக்குதோ அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. நாலாவதா இருக்க வேண்டியது ரெண்டாவதுக்கு வந்துட்டா, நல்ல மார்க் இருந்தும் வேண்டாத காலேஜ் கிடைச்சுப் போகும். கெடு முடிஞ்சுட்டா அப்பறம் அழுதாலும் மாத்த முடியாது. நாலு வருசப் படிப்பு அந்த ஒரு பட்டியல்ல நிக்குது.

கெடு முடியறதுக்கு முதல் நாள் ராத்திரி போன் பண்ணுனா. "பெரியப்பா, மவுஸ் தானா குதிக்குதுங்க. நான் ஒண்ணை அமுக்குனா அது வேற ஒண்ணுல போயி விழுகுதுங்க. ரெண்டு காலேஜ் எடம் மாறிப் போச்சு, நல்லவேளை பார்த்துட்டேன்"னா.

"செல்போன்லயே போட்டுக்கக் கூடாதா அம்மிணி?"

"அம்பது அறுவது பேரு இருக்குதுங்க. அந்தச் சின்ன ஸ்கிரீன்ல மேலயும் கீழயும் பார்த்து வரிசை போட முடியலீங்க."

போய்ப் பார்த்தேன். சிபியு பொட்டி மேசைக்கு அடியில, இரும்பு பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல இருந்துச்சு. நகம் அளவு இருக்கற ரிசீவரை பொட்டிக்குப் பின்னால குத்தியிருந்தாங்க. அதுக்கு ஒட்டினாப்புல நீலக் கலர் ஓட்டையில ஒரு ஹார்டு டிஸ்க்கு, கல்யாண போட்டோவெல்லாம் வெச்சிருக்கறது, ஓடிக்கிட்டே இருந்துச்சு. மவுஸ் புதுசு, அந்த மாசத்துல வாங்கின ரெண்டாவது மவுஸ்.

நான் முதல்ல பண்ணுன சோதனை ஒண்ணுதான். மவுஸை எடுத்துட்டுப் போயி ரிசீவருக்கு ஒரு சாண் தூரத்துல, ஒரு நோட்டுப் புஸ்தகத்து மேல வெச்சு ஆட்டுனேன். "அம்பு எப்படிப் போகுது?"ன்னு கேட்டேன். "நல்லா ஓடுதுங்க"ன்னா. அப்ப மவுஸும் பேட்டரியும் நல்லாத்தான் இருக்குது, வழியிலதான் கோளாறு. இந்தச் சோதனைக்குக் காசும் ஆகாது, கருவியும் வேண்டாம். நீங்களும் இதுல இருந்தே தொடங்குங்க. பக்கத்துல வெச்சும் குதிச்சுதுன்னா பேட்டரியை மாத்துங்க. கடியாரத்துக்குப் போடற மட்டமான செல்லைப் போடாம அல்கலைன் செல்லாப் போடுங்க. அப்பவும் குதிச்சா மேசையைப் பாருங்க. கண்ணாடி மேலயும் பளபளப்பான சன்மைக்கா மேலயும் மவுஸுக்கு அடியில இருக்கற கண்ணு தடுமாறும். ஒரு காகிதம் விரிச்சாலே சரியாகிடும்.

இப்ப வழியில என்ன கோளாறுன்னு பார்க்கலாம்.

1964 வாக்குல அமெரிக்காவுல டக்ளஸ் எங்கல்பார்ட் கூட்டம் செஞ்ச முதல் மவுஸ் ஒரு சின்ன மரப்பெட்டி. வயர் வால் மாதிரி தொங்குனதால எலின்னு பேர் வந்துச்சும்பாங்க. வால் இருந்த வரைக்கும் தொந்தரவில்லை. வாலை வெட்டினதுக்கு அப்பறம் அது ரேடியோ அலையிலதான் பேசியாகணும். பெரும்பாலான மவுஸ் பேசறது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில. அந்த அலையோட நீளம் பன்னெண்டு சென்டிமீட்டர் சுமாரு, அதாவது அரைச் சாண். மவுஸ் அனுப்பற சக்தி ஏறக்குறைய ஒரு மில்லிவாட். சாமி ரூம்ல எரியற அரை வாட் பல்புல ஐநூத்துல ஒரு பங்கு. அதுக்கு மேல அனுப்பினா ஒரு செல்லுல ஒரு வருசம் ஓட முடியாதில்லீங்களா? தூரம் ரெண்டு மடங்கானா போய்ச் சேர்ற பலம் நாலுல ஒரு பங்காயிடும். அந்தப் பத்து மீட்டர் கணக்கெல்லாம் நடுவுல எதுவுமில்லாத வெட்டவெளிக்குத்தான்.

முதல் தடை இரும்பு. இந்த அலை மரப்பலகையைத் தாண்டும், செங்கச் செவுத்தையும் கொஞ்சம் பலம் குறைஞ்சு தாண்டும். இரும்புத் தகட்டைத் தாண்டாது, மோதித் திரும்பிடும். நம்ம டெஸ்க்டாப் பொட்டியே ஒரு இரும்புத் தகடு. ரிசீவர் அதுக்குப் பின்னால, மவுஸ் அதுக்கு முன்னால. திம்பம் மலைப்பாதையில ஒரு வளைவு திரும்புனதும் மலை மறைச்சு போன் சிக்னல் போகுதே, அந்தக் கதைதான் மேசைக்கு அடியிலயும். நம்ம உடம்புல இருக்கற தண்ணியும் இந்த அலையைக் குடிக்கும். அதனால நடுவுல காலை நீட்டி உக்காந்தாலும் கொஞ்சம் குறையும்.

ரெண்டாவது தடை சத்தம். இதைத்தான் பல பேர் கவனிக்கறதில்லை. சத்தி பூ மார்க்கெட்டுல மல்லி ஏலம் ஓடற நேரம் போயிருக்கீங்களா? பக்கத்துல நிக்கறவர் சொல்றதே காதுல விழுகாது. அவர் குரல்ல குறையில்லை, நாம நிக்கற எடம் அப்படி. நீலக் கலர் யுஎஸ்பி ஓட்டை இருக்குது பாருங்க, அது 3.0ங்கற வேகமான ரகம். நொடிக்கு 5 ஜிகாபிட் தள்ளும். அந்த வேகத்துல தகவல் ஓடறப்ப வயர்ல இருந்தும் ஓட்டையில இருந்தும் ரேடியோ இரைச்சல் கசியுது. அது நேரா மவுஸ் பேசற 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே வந்து விழுகுது. இது என்ற ஊகமில்லைங்க. 2012-ல இன்டெல் கம்பெனியே வயரில்லா மவுஸை வெச்சுச் சோதிச்சுப் பார்த்து அறிக்கை போட்டுது. ரிசீவரை அந்த ஓட்டைக்குப் பக்கத்துல வெக்காம தள்ளி வைங்கன்னு அதுலயே இருக்குது. பதினஞ்சு வருசம் ஆகப் போகுது, இன்னும் கடைக்காரர் புது மவுஸைத்தான் எடுத்து நீட்டறார்.

மூணாவது, கூட்டம். வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இந்த 2.4-லதான். நம்ம நாட்டுல 2005-ல இந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாம பயன்படுத்திக்கலாம்னு விட்டாங்க. ஊர்ப் புறம்போக்கு மாதிரின்னு வெச்சுக்குங்க. யார் மாடு வேணும்னாலும் மேயலாம், வரி கிடையாது, ஆனா என் மாட்டுக்குப் புல்லு பத்தலைன்னு பஞ்சாயத்தும் வெக்க முடியாது. தோட்டத்து வீட்டுல ஒரு வைஃபை இருந்தா அதிகம். உங்க அபார்ட்மெண்டுல சுத்தியும் இருபது ஓடும்.

தம்பி வீட்டுல நாங்க பண்ணுனதைச் சொல்றேன். ஓடிக்கிட்டிருந்த ஹார்டு டிஸ்க்கை முறைப்படி நிறுத்திக் கழட்டினோம். பாதித் தாவல் அப்பவே நின்னுச்சு. அப்பறம் ரிசீவரைப் பின்னால இருந்து புடுங்கி முன்பக்கத்துல இருந்த கறுப்பு ஓட்டையில குத்தினோம். இன்னும் தேவலையாச்சு. தம்பிகிட்ட பிரிண்டருக்கு வாங்கி வெச்ச யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் ஒண்ணு சும்மா கெடந்துச்சு. ஒரு முனையைப் பொட்டியில மாட்டி, மறு முனையில ரிசீவரைக் குத்தி, மேசை மேல கொண்டாந்து மானிட்டர் காலோட சேர்த்து ரப்பர் பேண்டு போட்டேன். மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவுல இப்ப ஒண்ணுமே இல்லை, தூரமும் ரெண்டு அடி. அம்பு எண்ணெய் போட்ட மாதிரி ஓடுச்சு. புள்ள பட்டியலை முதல்ல இருந்து ஒவ்வொண்ணா சத்தமாப் படிச்சா, தம்பி நோட்டுல எழுதுன வரிசையோட ஒத்துப் பார்த்தான். இன்னும் ஒண்ணு எடம் மாறி இருந்ததைக் கண்டுபுடிச்சு நேர் பண்ணிட்டுத்தான் எந்திரிச்சோம்.

உங்க வீட்டுலயும் இந்த வரிசையில பண்ணிப் பாருங்க. ரிசீவருக்கு ஒரு சாண்ல வெச்சுச் சோதனை. நீல ஓட்டையில இருக்கற ஹார்டு டிஸ்க், பென் டிரைவைக் கழட்டிப் பாருங்க. ரிசீவரை முன்பக்கம் கறுப்பு ஓட்டைக்கு மாத்துங்க. அப்பவும் தீரலைன்னா எக்ஸ்டென்ஷன் வயர், நூறு ரூபாய்க்குப் பக்கத்துல கிடைக்கும், ஒரு மீட்டர் போதும். வைஃபை பொட்டி மேசை மேலயே இருந்தா மூணு நாலு அடி தள்ளி வைங்க. அதுல 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தா கம்ப்யூட்டரை அதுக்கு மாத்திட்டா மவுஸுக்கு எடம் விட்ட மாதிரி ஆகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டுத் தொட்டா மட்டும் மவுஸ் லேட்டா முழிக்குதுன்னா அது தூரப் பிரச்சினை இல்லை. விண்டோஸ் கரண்டு மிச்சம் பண்றதுக்கு அந்த ஓட்டையைத் தூங்க வெக்குது, பவர் செட்டிங்ல போயி அதை நிறுத்திக்கலாம். இத்தனையும் பண்ணி முடிச்ச பின்னாலதான் கடைக்குப் போகணும்.

இன்னொண்ணும் சொல்லிக்கிறேன். வயரில்லா மவுஸ் பாட்டுக் கேக்க, படம் பார்க்க, தள்ளி உக்காந்து சோலி பார்க்க நல்ல பொருள்தான். கவுன்சிலிங், பேங்குப் பணம், பரீட்சை விண்ணப்பம்னு ஒரு தப்பு அமுக்கு விழுந்தா திரும்ப எடுக்க முடியாத வேலைக்கு, எரநூறு ரூபாயில ஒரு வயர் மவுஸ் வாங்கி மேசை டிராயர்ல போட்டு வைங்க. அன்னைக்கு ஒரு நாளைக்கு எலிக்கு வாலு இருக்கட்டும்.