ஒட்டுநாடாவும் உளி பிடித்த கையும்

வீட்டுச் சுவரில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த ஓரம் நேராக இருந்தால் கண் அதைக் கடந்து போய்விடுகிறது. நூலளவு கோணியிருந்தாலோ, வருகின்ற விருந்தினர் அனைவரின் கண்ணும் அங்கேயே சென்று நிற்கிறது. இந்த உண்மையை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. லுக்குட்டில் உள்ள எங்கள் சிறு வீட்டிற்குச் சாயம் பூசிய ஒரு தீபாவளி விடுமுறையில், என் தந்தையாரிடம் கற்றுக்கொண்டேன்.

லுக்குட் பழைய ஊர். போர்ட்டிக்சன் தலையெடுக்கும் முன்னரே, ராஜா ஜுமாட்டின் ஆட்சியில் ஈயத்தால் செழித்த ஊர். 1880 ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கையிலிருந்து சுங்கை ஊஜோங்கின் கைக்கு மாறி, பின்னர் நெகிரி செம்பிலானின் பகுதியாயிற்று. ஈயம் அடங்கிய பின், அதனைச் சூழ்ந்த மேடுகளில் இரப்பர் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றில்தான் என் தந்தையார் பால்மரம் வெட்டினார். நான் பிறந்ததும் அத்தோட்டத்து லயத்தில்தான்.

தீபாவளி நெருங்கினால் லயம் முழுவதும் சுண்ணாம்பு மணக்கும். மேலே வெள்ளை, கீழே முழங்கால் உயரத்திற்குக் கறுப்பு. வெள்ளையை எவரும் அடித்துவிடுவர். கறுப்பும் வெள்ளையும் சேரும் கோட்டிற்கு மட்டும் என் தந்தையாரை அழைப்பார்கள். அவர் நூல் கட்டுவதில்லை, அளவுகோலும் வைப்பதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, தூரிகையை ஓர் இழுப்பு இழுப்பார். கோடு கம்பி போல் நிற்கும். வீட்டுக்கு வீடு ஒரு குவளைத் தேநீரே அவருக்குக் கூலி.

தோட்டத்து வேலை முடிந்து, நாங்கள் லுக்குட் வீட்டிற்குக் குடிவந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. வலக்கை சற்றே நடுங்கத் தொடங்கியிருந்தது. கூடத்துச் சுவருக்கு மேலே பாலாடை நிறமும் கீழே பச்சையும் பூசுவது என்று முடிவாயிற்று. நான் இரும்புக்கடைக்குச் சென்று, சாயத்தோடு மாஸ்கிங் டேப் எனப்படும் காகித ஒட்டுநாடா நான்கு சுருளும் வாங்கி வந்தேன்.

"அப்பா, இதை ஒட்டிவிட்டால் போதும். கை நடுங்கினாலும் கோடு நடுங்காது" என்றேன்.

சொல்லி முடித்த பின்னரே என் சொல்லின் கூர்மை எனக்கு உறைத்தது. அவர் ஒன்றும் கூறவில்லை. கையில் வைத்திருந்த தூரிகையைத் துணியில் துடைத்து, டின்னின் மீது வைத்துவிட்டு, அஞ்சடியில் போய் அமர்ந்துகொண்டார். மாணவர்க்கு இனியவை கூறல் அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகின்ற ஆசிரியன் நான். அன்று என் தந்தையாரிடத்தில் அந்தப் பாடத்தில் தேறவில்லை.

என் தண்டனையும் விரைவிலேயே வந்தது. முந்திய நாள் மாலையில் பூசிய பாலாடை நிறம் நன்கு உலரும் முன்னரே அதன்மேல் நாடாவை ஒட்டினேன். சுவரின் தூசியையும் துடைக்கவில்லை. பச்சையைத் தாராளமாகப் பூசி, மறுநாள் நண்பகல்வரை விட்டுவிட்டு, பின் வெடுக்கென்று இழுத்தேன். சில இடங்களில் பச்சை நாடாவின் அடியில் புகுந்து, வாள்பல் போல் ஓரம் அரித்திருந்தது. வேறு சில இடங்களில் மேல்நிறமே தோலாக உரிந்து நாடாவோடு வந்துவிட்டது.

தந்தையார் எழுந்து வந்து பார்த்தார், நகைக்கவில்லை. கீழே கிடந்த சுருளை எடுத்து, விரலால் அதன் பசையைத் தொட்டு, மூக்கருகே கொண்டு சென்றார்.

"இதுல நம்ம பால் இருக்கே, தம்பி" என்றார்.

அவர் கூற்று மெய்யே என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். இந்த நாடாவை 1925 ஆம் ஆண்டில் ஆக்கியவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உப்புத்தாள் செய்யும் நிறுவனமொன்றில் பணியாற்றிய ரிச்சர்ட் ட்ரூ என்பவர். அக்காலத்தில் மோட்டார் வண்டிகளுக்கு இரட்டை நிறம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு நிறத்தை மறைக்க ஒட்டிய தாளை உரிக்கையில் சாயமும் சேர்ந்து உரிந்து வந்ததால் தொழிலாளர்கள் வெறுத்துப் பேசினர். அதைக் கேட்ட ட்ரூ, அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் வந்துவிடும் நாடாவைச் செய்ய முயன்றார். சுருக்கங்கள் உள்ள காகிதத்தை அதற்குத் தேர்ந்தார். சுருக்கம் இருப்பதால் நாடா இழுபட்டு, வளைவான இடங்களிலும் படிந்து செல்லும். இத்தகைய காகித நாடாக்களின் பசையில் இயற்கை இரப்பரும் பிசினும் கலந்து பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். அந்த மணத்தை அறிய, நாற்பது ஆண்டு பால் வாளி சுமந்த மூக்குக்கு நூல் எதுவும் தேவைப்படவில்லை.

அதன்பின் அவரே வேலையை மேற்கொண்டார். சுவரை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். உரிந்த இடங்களைச் சீர்செய்து, மேல்நிறம் பூசி, ஒரு நாள் முழுதும் உலரவிட்டோம். நாடாவை ஒட்டியதும் அதன் ஓரத்தை அவர் நகத்தால் அழுத்திக்கொண்டே போனார்.

"சுவர்ல சின்னச் சின்னப் பள்ளம் இருக்கு. பீலிக்கும் பட்டைக்கும் நடுவுல சந்து இருந்தா, பால் கோப்பையிலயா விழும்? முதல்ல சந்தை அடை. மேல இருக்கிற நிறத்தையே நாடா ஓரத்துல ஒரு தடவை பூசு. கசியறதா இருந்தா அதுவே கசியட்டும். பாலாடை மேல பாலாடைதானே, யாருக்குத் தெரியப் போவுது?"

அவ்வாறே செய்தேன். அது காய்ந்த பின் பச்சையை மெல்லிதாக இருமுறை பூசினோம். இரண்டாம் பூச்சு முற்றும் உலரும் முன்னரே அவர் நாடாவின் நுனியைப் பற்றி, அதன் மேலேயே மடக்கிச் சாய்வாக, மெல்ல மெல்ல இழுத்தார். கோடு வெளிப்பட்டது, ஓரிடத்திலும் பிசிறில்லை.

அந்தக் கையின் கல்வியை நான் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். பால்மரத்தில் வெட்டு ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் சீவும் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகும். பால் மிகுதியாக ஊறும் பகுதி மரத்தை ஒட்டியே இருக்கிறது. ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் உளி மரத்தைக் காயப்படுத்தும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மீண்டும் வெட்ட இயலாது. விடியலுக்கு முன்னைய இருளில், தலைவிளக்கின் ஒளியில், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த நுண்ணளவைத் தவறாது காத்த கையிடம்தான் நான் நடுக்கத்தைப் பற்றிப் பேசியிருந்தேன்.

கூடத்தின் ஒரு மூலையில், சாமி மாடத்தின் அருகே, நாடா போதாமல் இரண்டு முழம் எஞ்சியது. கடைக்குப் போக எழுந்தேன். அவர் தடுத்தார். இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, தூரிகையை இழுத்தார். கோடு சற்றே அலைந்தது. அவர் அதைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, "போதும், தம்பி" என்றார். நான் பேசாமல் தூரிகையை வாங்கிக் கழுவி வைத்தேன்.

வகுப்பில் இளஞ்சிறார்க்கு நான்கு கோட்டு ஏடு கொடுக்கும்போதெல்லாம் இந்நிகழ்ச்சி என் நினைவுக்கு வரும். கோடும் ஒரு நாடாதான். பழகும் கைக்கு அது துணை. உரிய நேரத்தில் எடுத்துவிட்டால் எழுத்து தெளிவாக நிற்கும். எடுக்காமல் வைத்திருந்தால், நம் நாட்டு வெயிலில் பசை இறுகி, பின் சுவரையும் சேர்த்தே உரிப்பது போல, அத்துணையே தடையாகிவிடும். ஆனால், எதை எப்போது எடுப்பது என்பதை அறிய, முன்னர் அதனைத் தம் கையால் செய்தவரைக் கேட்க வேண்டும். கேட்கும் முன் அவரைப் புண்படுத்தாதிருக்கவும் வேண்டும்.

தந்தையார் மறைந்த பின் வீட்டிற்கு இருமுறை சாயம் பூசிவிட்டேன். இருமுறையும் சாமி மாடத்து மூலைக்கு வந்ததும், நாடாவை நேராக ஒட்டவில்லை. அதன் சுருக்கத்தை மெல்ல இழுத்து, அவர் விட்டுச்சென்ற அலைவின் மேலேயே வளைத்து ஒட்டினேன். நிறம் மாறியிருக்கிறது. அந்த இரண்டு முழக் கோடு மட்டும் அவர் கை போன வழியிலேயே இன்றும் இருக்கிறது.