மறைத்து வைத்த நோய்

கோவிலம்பாக்கத்தில் புது வீடொன்றை மந்திரித்துவிட்டு நாம் புறப்படுகையில், அவ்வீட்டைக் கட்டிய கொத்தனார் வாயிற்படியருகே ஒதுங்கி நின்றார். நம் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு திருப்பலி தவறாதவர். "சாமி, ஒரு கஷ்டம், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றார். தலைமீது கைவைத்து ஆசீர் அளித்தோம். கஷ்டம் இன்னதென்று கேட்கவில்லை. நமக்கு அவசரம்.

எட்டு மாதங்களுக்குப் பின் அவர் மனைவி அழுதுகொண்டே பங்கு இல்லத்திற்கு வந்தார். கணவருக்கு இடது தொடையிடுக்கில் கட்டி. தொடக்கத்தில் எலுமிச்சங்காய் அளவே, வலியும் இல்லை. காலில் பட்ட செங்கற் காயத்தால் நெறி கட்டியிருக்கிறதென்று எண்ணிப் பற்றுப் போட்டிருக்கிறார். இடம் அத்தகையதாகையால் மனைவியிடமும் வாய்திறக்கவில்லை. கட்டி பெருத்துக் குந்தி வேலை செய்ய இயலாமற்போன பிறகே ஒரு சிறு மருத்துவமனைக்குப் போனார். அங்கே 'கொழுப்புக் கட்டி' என்று கூறி, யாதொரு சோதனையுமின்றி அன்றே அறுத்தெடுத்தனர். எடுத்த கட்டியும் பரிசோதனைக்குச் செல்லவில்லை. மூன்றே மாதங்களில் தழும்பின் கீழ் அது மீண்டும் தலைதூக்கிற்று.

அவரை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நாமே அழைத்துச் சென்றோம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் அயராத முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய நிலையம் அது. 2021-ல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையார் தம் வாழ்நாளையே அதற்கு ஈந்தார். அங்கு நாம் அறிந்துகொண்டதைக் குடும்பங்களுக்குச் சொல்வது நம் கடமை.

தொடையிடுக்கில் தோன்றும் வீக்கங்களிற் பெரும்பாலானவை புற்று அல்ல. குடலிறக்கம், கால் புண்ணால் வரும் நெறி, காசநோய்க் கழலை, கொழுப்புக் கட்டி ஆகியவையே மிகுதி. கொழுப்பு, தசை போன்ற மென்திசுக்களில் எழும் 'சார்கோமா' என்னும் புற்று மிக அரிது. பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றளவே. அதிலும் 50-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அரிதாகையாலேயே அது ஏமாற்றுகிறது. வலியில்லாமை நலத்தின் அடையாளமன்று. 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி, வளர்ந்துகொண்டே வரும் கட்டி, ஆழத்தில் அமைந்த கட்டி, எடுத்தபின் மீண்டும் வந்த கட்டி, எதுவாயினும் சோதிக்கப்பட வேண்டும்.

சோதனையிலும் ஒழுங்கு உண்டு. முதலில் எம்.ஆர்.ஐ. படம், பின்னர் தடித்த ஊசியால் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பயாப்சி, நுரையீரலுக்குப் பரவியுள்ளதா என்றறிய மார்பு ஸ்கேன். அதன் பிறகே கத்தி. நாற்றைப் பிடுங்குகையில் வேரைப் பற்றிய மண்ணும் உடன் வருவதுபோல், கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதையும் சேர்த்து எடுக்கப்பட வேண்டும். காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருங்குழாயும் நரம்பும் அவ்வழியே செல்வதால் அது எளிய வேலையன்று. நம் கொத்தனாருக்கு 5 வாரங்களில் 25 முறை கதிர்வீச்சு அளித்தனர். பின்னர்ப் பழைய தழும்போடு சேர்த்துக் கட்டியை அகற்றி, வயிற்றுத் தசையைத் திருப்பி அவ்விடத்தை மூடினர்.

முற்காலத்தில் இத்தகையோர்க்குக் காலையே துணிப்பது வழக்கம். காலைக் காத்துக் கட்டியை அகற்றிக் கதிர்வீச்சும் அளித்தால், கால் இழந்தவர்க்கு நிகராகவே உயிர்வாழ்கின்றனர் என்பதை 1982-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அதன் பயனை நம் பங்கிலேயே கண்டோம். இன்று அவர் சற்றே சாய்ந்து நடக்கிறார், முழந்தாளிட இயலாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மார்புப் படம் எடுத்து வருகிறார். 'முற்றும் குணம்' என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை. முதலிலேயே சோதித்திருந்தால் இத்தனை பெரிய அறுவை வேண்டியிருந்திராது என்று மட்டும் சொன்னார்கள்.

நற்செய்தியிலே, 12 ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணொருத்தி, வெட்கத்தால் பின்புறமாக வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். அப்போது அவருக்கும் அவசரம். தொழுகைக்கூடத் தலைவனின் மகள் சாகக் கிடந்தாள். ஆயினும் அவர் நின்றார். தொட்டவர் யாரென்று கேட்டார். அவள் நடுக்கத்தோடு உண்மை முழுவதையும் சொன்ன பின்னரே சமாதானத்தோடு அவளை அனுப்பினார்.

நாம் ஆசீர் அளித்தோம், நின்று கேட்கவில்லை. அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்பு வேண்டுகிறோம். இறைவன் படைத்த உடலில் வெட்கத்திற்குரிய உறுப்பென்று எதுவும் இல்லை. மனைவிமாரே, கணவரைக் கேளுங்கள். பிள்ளைகளே, பெற்றோரைக் கேளுங்கள். கட்டி கண்டவர்கள் மறைக்காமற் சொல்லுங்கள். செபமாலையை ஒரு கையிலும் மருத்துவரின் சீட்டை மறு கையிலும் பிடிப்பதில் விசுவாசக் குறைவு ஏதுமில்லை.